ராஜமாணிக்கம்வி ஆகிய நான்

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணி இருக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவிடமிருந்து ஃபோன். திருச்சி பொன்மலையில் பேங்க் கவுன்டர் முன்னால் நிற்கிறார்.

"தம்பி, உயிர்ச் சான்று கொடுக்க வந்திருக்கேன். அப்பாவோட பிபிஓ நம்பர் கேக்குறாங்க. நீதானே பத்திரமா எழுதி வெச்சிருக்கேன்னு சொன்ன. சொல்லு."

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போனபிறகு குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வருகிறது. வருடா வருடம் நவம்பரில் "நான் இன்னும் இருக்கிறேன்" என்று அம்மா எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு அந்த பிபிஓ, அதாவது ஓய்வூதிய ஆணையின் 12 இலக்க எண் வேண்டும். பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். ரொம்பப் பத்திரமாக.

"ஒரு நிமிஷம்மா" என்றேன். அந்த ஒரு நிமிஷம் முடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷத்தையும் அதற்குப் பிறகு சில ராத்திரிகளில் உட்கார்ந்து சரிசெய்ததையும் பற்றித்தான் இந்தப் பதிவு. என்னைப் போல ரெண்டு மூன்று கணினி வைத்துக்கொண்டு அல்லாடும் யாருக்காவது உதவலாம்.

முதலில் என் பெயர்ப் பிரச்சினையைச் சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம். நான் ரா. வேல்முருகன். ஊரில் அந்த ஒற்றை எழுத்து போதும், "ரா"ன்னா யாரு என்று கேட்டால் ராஜமாணிக்கம் மகன் என்று சொல்லிக்கொள்ளலாம். கணினிப் படிவம் அப்படிக் கேட்காது. அதில் முதல்பெயர், கடைசிப்பெயர் என்று ரெண்டு கட்டம், ரெண்டாவதன் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். வேலைக்குச் சேர்ந்த அன்று வேறு வழியில்லாமல் கடைசிப்பெயரில் அப்பா பெயரைப் போட்டேன். மறுநாள் மேசைக்கு மேக்புக் வந்தது. லாகின் பெயர் "ராஜமாணிக்கம்வி". அன்றிலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் "ஹாய் ராஜமாணிக்கம்" என்றுதான் மெயில் போடுகிறார்கள். காலமான பிறகு அப்பாவுக்கு ஐடி வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொல்லிச் சிரிப்போம்.

வீட்டில் மேசைக் கணினியில் டெபியன் லினக்ஸ் இயங்குதளம். அங்கே நான் "வேல்". மூன்றாவது, மனைவியின் விண்டோஸ் லேப்டாப். அதை முதன்முதலில் என் மெயிலைக் கொடுத்துத்தான் அமைத்தேன். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்தால் விண்டோஸ் அந்த மெயில் முகவரியின் முதல் ஐந்து ஆங்கில எழுத்தை வெட்டி எடுத்து யூசர் ஃபோல்டருக்குப் பெயர் வைத்துவிடும். அதனால் அங்கே நான் "வேல்மு". பிறகு கணக்கின் பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது. ஆக ஒரே ஆளுக்கு மூன்று பெயர், மூன்று முகவரி: ஒன்றில் /ஹோம்/வேல், ஒன்றில் /யூசர்ஸ்/ராஜமாணிக்கம்வி, இன்னொன்றில் சி டிரைவின் யூசர்ஸுக்குள் வேல்மு.

கடவுச்சொல், கணக்கு எண், பாலிசி எண் எல்லாவற்றையும் நான் வைத்திருப்பது "பாஸ்" என்கிற சின்ன நிரலில். ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதியது. உள்ளே பெரிய வித்தை எதுவும் கிடையாது. ஒவ்வொரு விவரமும் தனித்தனிக் கோப்பு, ஒவ்வொன்றும் ஜிபிஜி என்ற பூட்டும் நிரல் கொண்டு பூட்டப்பட்டது, எல்லாம் ஒரு ஃபோல்டரில். பூட்டுகிற வேலை முழுக்க ஜிபிஜியுடையது. ஜெர்மனியின் வெர்னர் கோக் எழுதி 1999இல் முதல் முழுப் பதிப்பு வந்ததிலிருந்து கால்நூற்றாண்டாக லினக்ஸ்காரர்களின் இரும்புப்பெட்டி அதுதான். வீட்டில் வருடக்கணக்காக ஒரு தொந்தரவும் தந்ததில்லை. ஆறு மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலக மேக்கிலும் இருக்கட்டுமே என்று ஜிபிஜி ஃபோல்டரையும் பாஸ் ஃபோல்டரையும் ஷெல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் நிரல்) அமைப்புக் கோப்பையும் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போய் மேக்கில் கொட்டினேன். காப்பி ஆனது, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

இப்போது பேங்க் கவுன்டருக்கு வருவோம்.

டெர்மினலைத் திறந்து பாஸிடம் அப்பாவின் பதிவைக் கேட்டேன். "அப்படி ஒன்று பெட்டகத்தில் இல்லை" என்றது. ஆறு மாதம் முன்னால் நானே என் கையால் காப்பி செய்தது. தேடினால் காரணம் ஷெல் கோப்பில் இருந்தது. பெட்டகம் எங்கே இருக்கிறது என்பதை என்றைக்கோ அதில் முழு முகவரியாக எழுதி வைத்திருக்கிறேன்: /ஹோம்/வேல்/ஆவணங்கள்/பெட்டகம். மேக்கில் வேல் என்று ஒருவன் கிடையாது.

நிதானமாக யோசித்திருந்தால் அந்த ஒரு வரியைத் திருத்தியிருப்பேன். அவசரத்தில் குறுக்குவழி தோன்றியது. மேக்கிலும் /ஹோம்/வேல் என்று ஒரு போலி ஃபோல்டரை உண்டாக்கி அதை உண்மையான இடத்துக்குத் திருப்பிவிட்டால் என்ன? மேக்கில் அது நடக்காது. அட்மின் உரிமையோடு கேட்டாலும் "இது இங்கே செல்லாது" என்று மறுத்துவிடும். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: மேக்கில் /ஹோம் என்பது தானியங்கி மவுன்ட் (நெட்வொர்க் ஃபோல்டர்களைத் தானாக இணைக்கும் வசதி) கைவசம் இருக்கிற இடம். யூனிக்ஸின் பழைய காலத்தில், பல்கலைக்கழகங்களில் எந்தக் கணினி முன்னால் உட்கார்ந்தாலும் உங்கள் வீட்டு ஃபோல்டர் நெட்வொர்க் வழியாக அங்கே வந்து நிற்கும். அந்த ஏற்பாட்டின் எச்சம் இது. அந்த உலகத்தில் ஓர் ஆளுக்கு ஒரு யூசர்நேம்தான், எல்லாக் கணினியிலும் அதே. அமைப்புக் கோப்புகளில் முழு முகவரியைத் தைரியமாக எழுதிப் பழகிய பழக்கமும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். நமக்கோ ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெயர்.

ஃபோன் மறுபடி அடித்தது. "கெடச்சுதாப்பா? எனக்குப் பின்னால ஆறு பேரு நிக்கிறாங்க."

"இதோம்மா."

முகவரியைத் திருத்தினேன். இந்த முறை பெட்டகம் கண்ணில் பட்டது. ஆனால் பூட்டைத் திறக்கச் சொன்னால் ஜிபிஜி சொன்னது: சீக்ரெட் கீ இல்லை. ஜிபிஜியில் சாவி ஜோடியாக வரும்: பூட்டப் பொதுச்சாவி, திறக்க அந்தரங்கச் சாவி, அதாவது சீக்ரெட் கீ. ரத்தம் ஒரு கணம் உறைந்துதான் போனது. சாவி தொலைந்தால் ஜிபிஜியில் மாற்றுச் சாவி போட ஆளே கிடையாது. ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தேன். அந்தரங்கச் சாவிகள் இருக்கும் உள்ஃபோல்டரில் நாற்பது எழுத்து நீளப் பெயரோடு ரெண்டு கோப்புகளும் சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன. கண்ணுக்கு எதிரே சாவி இருக்கிறது, கையில் இல்லை என்கிறது நிரல்.

இதற்கும் யூசர்நேமுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஃபோல்டரை அப்படியே தூக்கிப்போவதன் ஆபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். டெபியன் 12இல் இருப்பது ஜிபிஜியின் 2.2 வரிசை. மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிறுவி வழியாக நான் போட்டது 2.4. 2.4.1 பதிப்பிலிருந்து ஒரு மாற்றம். ஜிபிஜி ஃபோல்டரே இல்லாத கணினியில் முதன்முதலாக அதை ஓட்டினால் "காமன்.கான்ஃப்" என்று ஒரு குட்டிக் கோப்பை எழுதும். அதில் ஒரே வரி, "கீபாக்ஸ்டி பயன்படுத்து". அதாவது பொதுச்சாவிகளை இனிமேல் பழைய "பப்ரிங்" கோப்பில் தேடாதே, புதிய தரவுத்தளத்தில் தேடு. நான் என்ன செய்திருந்தேன் என்றால், மேக்கில் ஜிபிஜியை நிறுவியதும் சரியாக ஓடுகிறதா என்று ஒருதடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பென்டிரைவிலிருந்து பழைய கோப்புகளை அந்த ஃபோல்டருக்குள் கொட்டியிருக்கிறேன். நான் கொண்டுவந்த பப்ரிங்கை ஜிபிஜி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொதுச்சாவி தெரியாததால், அந்த நாற்பதெழுத்துக் கோப்பு யாருடைய சாவி என்பதும் அதற்குத் தெரியவில்லை. அதனால் "இல்லை" என்றது. அந்த ஒற்றை வரிக்கு முன்னால் ஒரு # போட்டதும் எல்லாச் சாவியும் வரிசையாக வந்து நின்றது.

(இது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முதலில் மேக்கைத் திட்டினேன், பிறகு பென்டிரைவை, கடைசியில்தான் தேடிப் படித்தேன்.)

இனிமேல் திறக்க வேண்டியதுதானே? இல்லை. "பின்என்ட்ரி இல்லை" என்றது. சாவியின் கடவுச்சொல்லைக் கேட்க ஜிபிஜி ஒரு சின்ன ஜன்னலைத் திறக்குமே, அதைத் திறக்கிற நிரலுக்குப் பெயர் பின்என்ட்ரி. அது எங்கே இருக்கிறது என்று ஏஜென்டின் (பின்னணியில் ஓடிச் சாவிகளைக் கவனித்துக்கொள்ளும் ஜிபிஜியின் துணை நிரல்) அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருந்தேன், லினக்ஸின் க்னோம் என்ற திரைச்சூழலின் ஜன்னலுக்கான முகவரியாக. மேக்கில் க்னோமும் இல்லை, அந்த முகவரியும் இல்லை. மேக்குக்குள்ளேயே ரெண்டு சாதி வேறு: பழைய இன்டெல் மேக்கில் ஹோம்ப்ரூ எல்லாவற்றையும் /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள் வைக்கும், ஆப்பிளின் எம்1 சிப் முதல் வந்தவற்றில் /ஆப்ட்/ஹோம்ப்ரூவுக்குள். ஆகவே இந்த ஒரு வரி எல்லாக் கணினிக்கும் பொதுவாக இருக்கவே முடியாது. அந்த வரியை நீக்கி, ஏஜென்டைக் கொன்று, மறுபடி கிளப்பி, கடவுச்சொல்லைப் போட்டேன். பன்னிரண்டு இலக்கமும் திரையில் வந்தது.

மணி 11.55. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அதெல்லாம் அப்பவே முடிஞ்சிருச்சுப்பா. பாஸ்புக்கு முதல் பக்கத்துலயே போட்டிருக்காம். அந்தப் பொண்ணுதான் பார்த்துச் சொல்லுச்சு. நான் வெளிய வந்து இளநி குடிச்சுட்டு நிக்கிறேன்."

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அந்த ஜிபிஜி ஃபோல்டரை நிதானமாகத் திறந்து ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததே இல்லை. அம்மாவின் அஞ்சறைப் பெட்டி மாதிரி எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. சாவிகள் ஒருபக்கம். என் விருப்பங்கள், அதாவது எந்தச் சாவி முதன்மை, பட்டியலில் சாவியின் கைரேகையை (அதை அடையாளம் காட்டும் எழுத்து-எண் வரிசை) எப்படிக் காட்டு என்பது போன்றவை, ஒருபக்கம். மீதி எல்லாம் அந்தக் கணினியின் அன்றாடக் குப்பை: ரேண்டம் விதைக் கோப்பு, ஏஜென்டின் சாக்கெட் (மற்ற நிரல்கள் அதோடு பேசும் வாசல்), கணினியின் பெயரைத் தாங்கிய பூட்டுக் கோப்புகள். லினக்ஸில் சாக்கெட்டுகள் இப்போது /ரன்/யூசர்/1000 என்கிற தற்காலிக இடத்துக்குப் போய்விட்டன. மேக்கில் இன்னும் இதே ஃபோல்டருக்குள்தான். இதில் அடுத்த கணினிக்குப் போக வேண்டியது நடுவில் உள்ளது மட்டும். சாவி போக வேண்டுமா என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குப்பை போகவே கூடாது. நான் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தேன். இந்த ஃபோல்டரை அப்படியே டிராப்பாக்ஸில் போட்டு எல்லாக் கணினியிலும் ஒத்திசைப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு என் அனுதாபம்.

சாவியை நகர்த்த ஜிபிஜியிலேயே முறையான வழி இருக்கிறது: ஏற்றுமதி செய், அந்தப் பக்கம் போய் இறக்குமதி செய். யார் யாரை நம்புகிறேன் என்கிற விவரத்துக்கும் தனி ஏற்றுமதி உண்டு. அப்படிச் செய்தால் அந்தக் கணினியின் ஜிபிஜி எந்தப் பதிப்போ அந்தப் பதிப்புக்கு ஏற்ற இடத்தில் தானே எடுத்து வைத்துக்கொள்ளும். கீபாக்ஸ்டி குழப்பமும் வராது, யூசர்நேமும் குறுக்கே வராது, கோப்பின் உரிமையாளர் தகராறும் வராது.

அந்த உரிமையாளர் தகராறு தனிக் கதை. லினக்ஸும் மேக்கும் கோப்பின் மேல் உங்கள் பெயரை எழுதுவதில்லை, ஒரு எண்ணைத்தான் எழுதுகின்றன. டெபியனில் முதல் யூசருக்கு 1000. மேக்கில் முதல் யூசருக்கு 501. எண்களைக் காப்பாற்றும் விதமாகக் கட்டிய மூட்டையை ரூட்டாக (முழு உரிமை கொண்ட யூசராக) இருந்து அந்தப் பக்கம் பிரித்தால், உங்கள் சாவிக்கு உரிமையாளர் அங்கே இல்லாத 1000 என்கிற யாரோ ஆகிவிடுவார். ஜிபிஜி உடனே உரிமை சரியில்லை என்று முணுமுணுக்கும். மாறாக எக்ஸ்ஃபேட் வடிவப் பென்டிரைவில் கொண்டுபோனால் அனுமதி விவரமே இருக்காது, அந்த வடிவத்தில் அதற்கு இடம் கிடையாது. அப்போது "அனுமதி பாதுகாப்பாக இல்லை" என்று எச்சரிக்கும். அன்று மேக்கில் ஒவ்வொரு தடவையும் திரையின் முதல் வரியில் வந்தது அந்த எச்சரிக்கைதான். ஆட்டோவில் சீட் பெல்ட் போடச் சொன்னதைப் போலக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிட்டேன். ஃபோல்டருக்கு 700, அதாவது எனக்கு மட்டும் என்று மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும்.

யூசர்நேம் இப்படிக் காலை வாரியது எனக்கு முதல் தடவையும் அல்ல. 2017இல் என் பழைய லேப்டாப்பின் மதர்போர்டு போயிற்று. அதில் உபுண்டு என்ற லினக்ஸ், நிறுவும்போதே "வீட்டு ஃபோல்டரைப் பூட்டு" என்ற பெட்டியை டிக் செய்திருந்தேன். அந்தக் கால உபுண்டுவில் அது ஈகிரிப்ட்எஃப்எஸ் என்ற பூட்டு. 18.04 பதிப்போடு நிறுவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரிச்சி தெருவில் ஒரு யூஎஸ்பி உறை வாங்கி ஹார்டு டிஸ்க்கைப் போட்டு, புதுக் கணினியில் செருகி, பூட்டிய ஃபோல்டரையும் அதன் அமைப்புக் கோப்புகளையும் கொண்டுவந்தேன். கடவுச்சொல் தெரியும். ஆனாலும் திறக்கவில்லை. ஏனென்றால் புதுக் கணினியில் வேறு யூசர்நேம் வைத்திருந்தேன். பழைய வீட்டுக்குள் இருந்த அமைப்பு ஃபோல்டர் உண்மையில் ஃபோல்டரே அல்ல, /ஹோம்/.ஈகிரிப்ட்எஃப்எஸ்/பழையபெயர் என்ற இடத்தைக் காட்டும் வெறும் கைகாட்டி. அந்தக் கைகாட்டி இப்போது ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கைகாட்டி போகும் உண்மையான இடத்தைத் தேடி எடுத்தால், உள்ளே "பிரைவேட்.எம்என்டி" என்று ஒரு கோப்பு. திறந்து பார்த்தேன். உள்ளே ஒரே வரி, /ஹோம்/பழையபெயர். பூட்டைத் திறந்தபின் சாமான்களை எங்கே பரப்புவது என்கிற முகவரி. அதைப் புதுப்பெயராக மாற்றினேன், திறந்தது. உலகத்தரமான ஏஇஎஸ் பூட்டு எல்லாம் உள்ளே சரியாக இருக்கிறது, ஒரு வரி டெக்ஸ்ட் கோப்பு மூன்று நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தத் தொகுப்பிலேயே மீட்பதற்கென்று ஒரு கருவி இருப்பதும், கடவுச்சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு ஒரு தற்காலிக ஃபோல்டரில் அது திறந்து கொடுத்துவிடும் என்பதும் நாலாவது நாள்தான் தெரிந்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு எந்தப் பூட்டும் மென்பொருளை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, அது தன் அமைப்பை எங்கே எழுதி வைக்கிறது என்பதை. ஜிஓகிரிப்ட்எஃப்எஸ் எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம். அதன் அமைப்புக் கோப்பு பூட்டிய ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும், கடவுச்சொல்லால் மூடப்பட்ட மூலச்சாவியோடு சேர்த்து. யார் வீட்டில், எந்தப் பெயரில், எந்த மூலையில் வைத்தாலும் திறக்கும். எங்கே திறப்பது என்பதைத் திறக்கிறவர் அப்போதைக்குச் சொன்னால் போதும். அது தூக்குச்சட்டி மாதிரி, சாப்பாடும் மூடியும் ஒன்றாகவே போகும். ஈகிரிப்ட்எஃப்எஸில் சட்டி ஓரிடம், மூடி ஓரிடம், மூடி எங்கே என்று எழுதிய சீட்டு இன்னோரிடம்.

வெராகிரிப்ட் என்ற பூட்டும் மென்பொருளும் பாதி தூக்குச்சட்டிதான். பூட்டிய கொள்கலனின் தலைப்பகுதியிலேயே எல்லாம் இருக்கிறது, ஒரு பிரதி கடைசியிலும் இருக்கிறது. மனைவியின் விண்டோஸில் நான் உண்டாக்கியதை என் டெபியனில் கொண்டுவந்து திறக்கலாம். சிக்கல் அதைச் சுற்றி நாம் சேர்த்துக்கொள்ளும் வசதிகளில். கீஃபைல், அதாவது கடவுச்சொல்லோடு ஒரு கோப்பையும் சாவியாக வைத்து, அதையே இயல்பு கீஃபைலாகச் சேமித்தால், அது இருக்கும் முழு முகவரி அமைப்புக் கோப்பில் பதிவாகும், வேல்முவின் படங்கள் ஃபோல்டர் என்று. அந்த அமைப்புக் கோப்பைக் காப்பி செய்து வேலுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்லவேளை, கீஃபைலின் பெயரோ இடமோ பூட்டுக்கு முக்கியமல்ல, உள்ளடக்கம்தான் முக்கியம், அதிலும் முதல் 10,48,576 பைட் வரை மட்டும். ஆகவே எங்கே வேண்டுமானாலும் வைத்துக் கையால் காட்டலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். கல்யாண ஃபோட்டோவையோ பாட்டுக் கோப்பையோ கீஃபைலாக வைக்காதீர்கள். ஃபோட்டோ நிரல் தேதியையோ டேகையோ திருத்தி எழுதினால் பைட்டுகள் மாறும், ஃபோட்டோ பார்வைக்கு அதே ஃபோட்டோவாக இருக்கும், பூட்டு திறக்காது. என் மனைவி தேர்ந்தெடுத்திருந்தது கல்யாண ஃபோட்டோ. "ஏங்க, நம்ம கல்யாண ஃபோட்டோவ நம்ப முடியாதுன்னா சொல்றீங்க?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் நேர்ந்தது சின்னதுதான், ஆனால் அசிங்கமானது. என் வாடகை சர்வரில் என் கணக்கின் பெயர் வேல். வீட்டிலும் வேல். அதனால் எஸ்எஸ்எச் அமைப்பில் யூசர் என்ற வரியை எழுதும் அவசியமே வந்ததில்லை. வரி இல்லாவிட்டால் உள்ளூர் யூசர்நேமைத்தான் அது சர்வருக்குச் சொல்லும். அதே கோப்பு மேக்குக்குப் போனதும், சர்வரின் கதவைப் போய்த் தட்டியது ராஜமாணிக்கம்வி. சர்வருக்கு அப்படி யாரையும் தெரியாது. ஐந்து தடவை தட்டினேன். காவலுக்கு நான் வைத்திருந்த ஃபெயில்2பேன் பத்து நிமிஷத்துக்கு அலுவலக ஐபியையே தள்ளி வைத்துவிட்டது. நான் வைத்த காவல்காரன், என் அப்பா பெயரைச் சொன்னதற்கு என்னையே வெளியே நிறுத்தினான். யூசர் வரியை வெளிப்படையாக எழுதினேன், சாவி முகவரியில் /ஹோம்/வேல் இருந்த இடத்தில் டில்டே போட்டேன். டில்டே என்பது அந்த ~ குறி, "யார் வீடோ அந்த வீடு" என்று அர்த்தம். எஸ்எஸ்எச்சுக்கு அது புரியும், ஷெல்லுக்கும் புரியும். எல்லா நிரலுக்கும் புரியும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் போட்டு, ஓட்டிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி உறைத்தது. அலுவலக மேக்கில் என் முழுச் சாவியும் எதற்கு? அந்தக் கணினி என்னுடையதே அல்ல. நிர்வாகம் நினைத்தால் எங்கிருந்தோ ஒரு பொத்தானை அழுத்தி மொத்தத்தையும் அழிக்கலாம், உள்ளே பார்க்கவும் செய்யலாம். அதில் என் வங்கிக் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் திறக்கிற சாவியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். யூசர்நேம் இடித்ததால்தான் நின்று யோசித்தேன். ரெண்டு பக்கமும் ஒரே பெயர் இருந்திருந்தால் பாதித் தொல்லை வந்திருக்காது, இன்றைக்கும் அந்தச் சாவி அங்கேயே கிடந்திருக்கும்.

ஜிபிஜிச் சாவி என்பது ஒரு மூலச்சாவியும் அதன் கீழ் வரும் உபசாவியும். உபசாவியை மட்டும் ஏற்றுமதி செய்யலாமா என்று முதலில் பார்த்தேன். அது முடியும். அப்போது பட்டியலில் மூலச்சாவிக்குப் பக்கத்தில் ஒரு # வரும், மூலம் இங்கே இல்லை என்று அர்த்தம். ஆனால் பூட்டைத் திறப்பதே உபசாவிதான், ஆகவே எல்லாவற்றையும் திறக்கிற வல்லமை அங்கே போய்விடும். கடைசியில் மேக்குக்கு அதற்கே உரிய தனிச் சாவி ஒன்றை அங்கேயே உண்டாக்கினேன். அதன் பொதுச்சாவியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதை ஊருக்கே கொடுக்கலாம், பாதகமில்லை. பாஸில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: ஒவ்வொரு உள்ஃபோல்டருக்கும் யார் யார் திறக்கலாம் என்று தனித்தனியாக எழுதி வைக்கலாம். "குடும்பம்" என்று ஒரு உள்ஃபோல்டர் போட்டு, அம்மாவின் பிபிஓ எண், மருத்துவக் காப்பீட்டு எண், கேஸ் இணைப்பு எண் என்று அவசரத்துக்கு வேண்டியவற்றை அதில் நகர்த்தினேன். அதை மட்டும் ரெண்டு சாவியாலும் திறக்கலாம். வங்கிக்கணக்கெல்லாம் வீட்டுச் சாவிக்கு மட்டும். பெட்டகம் கிட் (கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் நிரல்) வழியாக ரெண்டு பக்கமும் ஒத்திசைகிறது. பெட்டகத்துக்குள் எங்கேயும் யூசர்நேம் கிடையாது, கைரேகைகள் மட்டும்தான்.

இதிலும் ஓட்டை உண்டு, மறைப்பானேன். நாளைக்கு வேலையை விட்டால் மேக்கின் கைரேகையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுக் கோப்புகளைத் திரும்பப் பூட்டலாம். ஆனால் கிட்டின் பழைய வரலாற்றில் அந்தச் சாவியால் பூட்டிய பழைய பிரதிகள் இருந்துகொண்டேதான் இருக்கும். ஒருமுறை காட்டியதைக் காட்டாததாக ஆக்க முடியாது. அதனால்தான் அந்த உள்ஃபோல்டரில் கடவுச்சொல் எதையும் வைக்கவில்லை, எண்கள் மட்டும்.

பகிர்கிற அமைப்புக் கோப்பு இப்போது மொத்தம் பதினோரு வரி. அதில் சாய்கோட்டோடு தொடங்கும் முகவரி ஒன்றுகூட இல்லை. பின்என்ட்ரி வரி உள்ள ஏஜென்ட் கோப்பை நான் பகிர்வதே இல்லை, ஒவ்வொரு கணினியிலும் கையால் எழுதுகிறேன். வருடத்துக்கு ஒருமுறை எழுதப்போகிற ஒரு வரிக்காக நிபந்தனை போட்டு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் எழுதியவன்தான்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. புதுச் சாவி உண்டாக்கும்போதே, சாவி களவு போனால் அதைச் செல்லாததாக்கும் ஒரு சான்றிதழையும் ஜிபிஜி தானே எழுதி வைத்துவிடும். தெரியாத்தனமாக அதை ஓட்டிவிடக் கூடாதே என்று அதன் முதல் கோடுகளுக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளியையும் வைத்திருக்கும். வேண்டும்போது அதை எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்த முடியும். வீட்டுச் சாவிக்கும் மேக் சாவிக்கும் ஆளுக்கொன்றாக அதை அச்செடுத்து, பொங்கலுக்குப் பொன்மலை போனபோது கொண்டுபோய் அம்மாவின் இரும்பு பீரோவில் அப்பாவின் பணிக்காலக் காகிதங்கள் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தேன். அம்மா எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் புரியாத எழுத்துக்கூட்டத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மேக்கின் தாளில் சாவியின் பெயர் இருக்கிற வரியில் விரல் நின்றது. அலுவலக மெயிலைக் கொடுத்து உண்டாக்கிய சாவி அது.

"இதுல அப்பா பேரு போட்டிருக்கே. பென்ஷன் பேப்பரா?"

"இல்லம்மா. அது நான்தான்."

"அப்ப பாஸ்புக்கோட சேத்து வெக்கிறேன்" என்று மடித்து உள்ளே வைத்தார்.